ஈய மீன்

மீன் பிடிப்பதைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மீன் தின்றிருக்கிறேன், மீன்காரர்களைப் பற்றி ஒரு நாவலில் முப்பது பக்கம் எழுதியும் இருக்கிறேன். ஆனால் 67 வயது வரையில் தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. எங்கள் ஊரில் மீன் பிடிப்பது ஒரு தொழில். அதைத் தெரிந்தவர்கள் கடலுக்குள் போய்ச் செய்தார்கள். உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளான நாங்கள் கரையில் நின்று விலை கேட்பதோடு சரி. ஒரு மனிதன் பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பான், அதிலும் புழு, இறால் எதுவும் வைக்காமல், வர்ணம் அடித்த ஓர் ஈயக் கட்டியைக் கடலில் விட்டெறிந்தே பிடிப்பான் என்று யாராவது அந்த நாளில் சொல்லியிருந்தால், "கதை எழுதுவது என் தொழில் ஐயா, உமக்கு எதற்கு?" என்று கேட்டிருப்பேன்.

அந்த ஈயக் கட்டியைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன்.

திருவள்ளுவர் சூது அதிகாரத்தைத் தொடங்கும்போதே தூண்டிலைக் கொண்டு வந்துவிடுகிறார். சூதாட்டத்தில் ஜெயிப்பது, தூண்டிலில் உள்ள பொன்னை மீன் விழுங்குவதைப் போன்றது என்கிறார். பொன் என்றால் இங்கே தங்கம் அல்ல, இரும்பு. இரைக்குள் மறைந்திருக்கும் முள்ளை இரை என்று நினைத்து மீன் விழுங்குகிறது என்பது உரைகாரர்கள் தரும் விளக்கம். பள்ளிக்கூடத்தில் அது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. பின்னால், 2019-ஆம் வருஷம், சிங்கப்பூரில், மருந்துக்கும் இரை இல்லாத வெறும் உலோகத்தை ஒரு மீன் விரட்டிக்கொண்டு வந்து கவ்வுவதைக் கண்ணால் பார்த்தபோது, இரை என்று ஒன்றை நடுவில் செருகியிருக்க வேண்டிய அவசியமே இல்லையோ என்று தோன்றியது. உரைகாரர்கள் கடற்கரைப் பக்கம் போனார்களோ என்னவோ!

நான் பார்த்த இடம் பிடோக் படகுத்துறை. அங்குள்ள தமிழர்கள் வாயில் அது "ஜெட்டி". நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு நாலு பேர் நடுவில் சொல்லத் தகாத வேறொரு பொருள் இருப்பதால், நான் துறை என்றே எழுதுகிறேன். சிங்கப்பூரின் கிழக்குக் கரைப் பூங்காவிலிருந்து சுமார் 250 மீட்டர் கடலுக்குள் நீளும் கான்கிரீட் பாலம் அது. வியட்நாம் யுத்தத்தில் கழித்துப் போட்ட ராணுவ வண்டிகளைக் கொண்டுவந்து இறக்குவதற்காக 1960-களில் ஒரு வியாபாரி கட்டினாராம். பிற்பாடு சர்க்கார் வசம் வந்தது. அதன் முனையில் நின்று பார்த்தால் ஜலசந்தியில் நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசை வரிசையாக விளக்கேற்றிக்கொண்டு நிற்கும். தீபாவளிக்கு முதல் நாள் கடைத்தெரு மாதிரி இருக்கும். தலைக்கு மேலே சாங்கி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் போய்க்கொண்டேயிருக்கும்.

அங்கே நான் போனதற்குக் காரணம் என் தம்பி. 1979-இல் சென்னைத் துறைமுகத்தில் "சிதம்பரம்" கப்பல் ஏறிப் போனவன். கப்பல் பழுது பார்க்கும் தளம் ஒன்றில் வெல்டராகச் சேர்ந்து, ஃபோர்மனாகி, 60 வயதில் ஓய்வு பெற்றான். ஓய்வு பெற்ற அதே 2017-ஆம் வருஷம் அவன் மனைவி காலமானாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவனோடு தொலைபேசியில் பேசியதெல்லாம், "சாப்பிட்டியா?", "ஆச்சு", "அங்கே மழையா?", "இல்லை" என்ற நாலு வார்த்தைக்குள் அடங்கும். கடைசியில் அவன் மகள் எனக்குப் பேசினாள்.

"பெரியப்பா, நீங்க ஒரு தடவை வந்து அப்பாகிட்டப் பேசணும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஜெட்டிக்குப் போயிடுறாங்க. காலையில ஒன்பது மணிக்கு வெறுங்கையோட வர்றாங்க. பிடிச்ச மீனையும் கடல்லயே விட்டுடுறாங்களாம். அப்புறம் எதுக்குப் போறாங்க? நீங்க சொன்னா கேப்பாங்க. கொஞ்ச நாளைக்கு ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க."

மனைவியை இழந்த ஒரு மனிதன் நடு ராத்திரியில் கடலை ஒட்டித் தனியாக நிற்கிறான் என்பதில் அவள் வாய் விட்டுச் சொல்லாத பயம் ஒன்றும் இருந்தது. அது எனக்குப் புரிந்தது. போனேன். மூன்று வாரம் இருந்தேன். முதல் ராத்திரியே அவனோடு துறைக்கு நடந்தேன். பேசுவதற்காகப் போனவன் கையில் அவன் ஒரு கோலைக் கொடுத்துவிட்டான்.

அவனுடைய சாமான் பெட்டியைத் திறந்தால் கல்யாண வீட்டு நகைப் பெட்டியைத் திறந்தது போல இருக்கும். இதற்கெல்லாம் பொய்யிரை என்று நான் பெயர் வைத்தேன். அவன் "லூர்" என்பான். வாயில் சிறு குழி உள்ள மரக்கட்டை ஒன்று; தண்ணீரின் மேல் வெட்டி வெட்டி இழுத்தால் "டொப் டொப்" என்று தெறித்துக்கொண்டு வரும். தாடையில் தகடு பொருத்திய பிளாஸ்டிக் மீன் ஒன்று. இழுக்க இழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு ஆழத்துக்குப் போகும். ரப்பரில் செய்த வால் மீன் ஒன்று. பொடி மீன் பிடிக்க ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்த "சபிக்கி" என்ற ஒரு சரம்; அதில் ஐந்தாறு குட்டி முள்ளில் மீன் தோலோ இறகோ கட்டியிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவன் நம்பியது ஈய மீனைத்தான். விரல் நீளத்தில், வெள்ளியும் நீலமுமாக வர்ணம் பூசி, ஒரு கண்ணும் ஒட்டிய கட்டி. எடை 20, 40, 60 கிராம். கனமாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் மற்ற எதுவும் போகாத தூரத்துக்கு அது போகும்.

இந்தப் பித்தலாட்டத்தை முதலில் ஆரம்பித்தது யார்? அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் ஏரியில் படகில் உட்கார்ந்து சாப்பிடும்போது கரண்டி கைதவறித் தண்ணீரில் விழுந்ததாம். பளபளவென்று சுழன்றுகொண்டு அது அமிழும்போது ஒரு மீன் பாய்ந்து கவ்வியதாம். கரண்டிக் கதையை நம்புகிறவர்கள் நம்பலாம். ஆனால் அந்த மாதிரிப் பொய்யிரைக்கு 1852-இல் அவர் காப்புரிமை வாங்கியது நிஜம்.

எனக்கு அதிகம் பிடித்தது பின்லாந்துக்காரர் லௌரி ராபலாவின் கதை. ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்த ஏழை. பெரிய மீன் சின்ன மீன் கூட்டத்துக்குள் பாயும்போது எதைத் தின்கிறது என்று அவர் உட்கார்ந்து கவனித்தார். நூறு மீன் நேராக நீந்தும். ஒன்று மட்டும் அடிபட்டோ சீக்காகவோ லேசாகத் தள்ளாடும். பெரிய மீன் அந்த ஒன்றைத்தான் எடுக்கிறது. 1936-இல் அவர் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித் தாளை மேலே ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசி, அந்தத் தள்ளாட்டத்தைச் செய்துவிட்டார். கால் நூற்றாண்டு கழித்து, 1962 ஆகஸ்டில், அமெரிக்காவின் "லைஃப்" பத்திரிகை அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மர்லின் மன்றோ இறந்து போயிருந்தாள். இதழின் அட்டையில் அவள் படம். வாங்காதவர்கள் இல்லை. வாங்கினவர்கள் உள்ளேயும் புரட்டினார்கள். ராபலாவின் வீட்டுக்கு ஆர்டர்கள் வந்து குவிந்தன. யாருடைய படத்துக்காகவோ வாங்கிய பத்திரிகையில் நம்முடைய பக்கத்தையும் யாராவது படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தானே நாங்களும் எழுதிக்கொண்டிருக்கிறோம்!

ஆனால் ராபலாவின் தக்கை தானாகத் தள்ளாடும். ஈய மீனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சும்மா விட்டால் கல்லைப் போல அமிழும். சும்மா இழுத்தால் கட்டியாக வந்து சேரும். அதை நோயாளியாக நடிக்க வைப்பது கரையில் நிற்கிறவன் பாடு. மீனுக்கு உடம்பின் இரு பக்கமும் ஒரு கோடு ஓடுகிறது. தண்ணீரின் அதிர்வை அதனால் உணர்கிறது. எவன் ஒழுங்காக நீந்துகிறான், எவன் தடுமாறுகிறான் என்று அதற்குத் தெரியும். கண்ணாடியைப் போல் ஒளியடிக்கும் பக்கம் திரும்பி விழுகிற மீன் சாகப்போகிற மீன். இந்த இரண்டையும் ஈயத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

முதல் பாடம் எறிவது. கோல் ஒன்பதடி. இப்போதெல்லாம் தங்கூசி நுனிக்கு மட்டுந்தான். மீதி முழுவதும் பட்டு நூல் மாதிரி ஒரு பின்னல் நூல்; இழுத்தால் நீளாது, ஆகையால் அடியில் ஓர் இலை உரசினாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். நூலையும் தங்கூசியையும் இணைக்கும் முடிச்சை இறுக்குமுன் எச்சில் படுத்த வேண்டும்; இல்லாவிட்டால் உராயும் சூட்டிலேயே நைலான் பலம் இழந்துவிடும். வஞ்சிரம் வரும் நாளென்றால் ஈயத்துக்கு முன்னால் ஒரு சாண் எஃகுக் கம்பி. அதன் பல்லுக்குத் தங்கூசி வாழைநார்.

கோலின் நுனியிலிருந்து ஈயம் இரண்டு மூன்று அடி தொங்கட்டும். ரீலின் கம்பி வளையத்தைத் திறந்து, நூலை ஆள்காட்டி விரலில் தாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். "ரெண்டு தடவை பாருங்க, அண்ணே" என்பான் தம்பி. துறையில் நடைபழக வருகிறவர்கள் உண்டு, குழந்தைகள் உண்டு. 40 கிராம் ஈயமும் மூன்று முள்ளும் அந்த வேகத்தில் ஒரு மனிதர் மேல் பட்டால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. பார்த்தாயிற்றா? மேல் கையால் தள்ளு, கீழ்க் கையால் கோலின் அடியை மார்புக்கு இழு. பலம் ஒரு பங்கு. விரலை விடும் நேரம் மூன்று பங்கு. முந்தி விட்டால் ஈயம் வானத்துக்குப் போகும், பிந்தி விட்டால் காலடியில் விழும். சரியாக விட்டால், ரீலிலிருந்து நூல் சொரிகிற அந்தச் சத்தம், நல்ல பட்டுப் புடவையை மடிப்புப் பிரிக்கிற சத்தம்.

அடுத்தது எண்ணுவது. இதுதான் வித்தையின் நடு மையம் என்று நினைக்கிறேன். ஈயம் தண்ணீரில் விழுந்ததும் இழுக்கத் தொடங்கக் கூடாது. நூலை விரலுக்கிடையே ஓடவிட்டு எண்ண வேண்டும். ஈயம் தரையைத் தொட்டவுடன் ஓடிக்கொண்டிருந்த நூல் சட்டென்று தளரும். 40 கிராமுக்கு அவன் நிற்கிற இடத்தில் அது 12. அடுத்த எறிவில் 10 வரை எண்ணிவிட்டு இழுக்க ஆரம்பிப்பது. பிறகு 7, பிறகு 4. எந்த எண்ணில் மீன் வந்து தொட்டதோ, அன்றைக்கு அந்த எண்ணை விடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கடலை இப்படி அலமாரித் தட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு தட்டாகக் கையை விட்டுத் துழாவுகிறார்கள்.

முதல் ராத்திரி அவன் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். "லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

நெல் அளக்கும் களத்தைப் பார்த்த வாசகர்களுக்கு இது தெரிந்திருக்கும். மரக்காலை முதல் தடவை கவிழ்க்கும்போது "ஒன்று" என்று சொல்வதில்லை. "லாபம்" என்று மங்களமாகத் தொடங்கி, அப்புறம்தான் இரண்டு. எங்கள் வீட்டில் நெல் அளந்தவர்கள் கிடையாது, சம்பளம் எண்ணினவர்கள்தான். தம்பிக்கு இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பக்கத்தில் வழக்கமாக நிற்கும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவரும் தம்பி எறிந்தவுடன் "லாபா" என்று சேர்ந்துகொண்டார். மலாய் மொழியிலும் லாபத்துக்கு லாபா என்றே பெயர். சமஸ்கிருதம் இரண்டு வீட்டுக்கும் கடன் கொடுத்திருக்கிறது. தம்பி என்ன மந்திரம் சொல்கிறான் என்று அவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கேட்டேன். தம்பி ஈயத்தை முழுவதும் இழுத்து முடித்துவிட்டுச் சொன்னான்:

"அவ எண்ணுறது அண்ணே அது. மாமனார் வீட்டுக் களத்துப் பழக்கம். மடக்கு நாற்காலி போட்டு இங்கதான் உட்காருவா. நான் எறியறது, அவ எண்ணுறது."

பெட்டியின் அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். தேதி, கடல் ஏற்றமா வற்றமா, ஈயத்தின் எடை, எத்தனையாம் எண்ணில் என்ன மீன் என்று பன்னிரண்டு வருஷத்துக் கணக்கு. 2017 மே வரைக்கும் கையெழுத்து அவளுடையது, குண்டு குண்டாக. அப்புறம் அவனுடையது.

"அவ எண்ணிக்கை நிதானம். நெல்லு அளக்கிற வேகம். நானா எண்ணினா இந்த இடத்துல பதினெட்டு வரும். ஆனா நோட்டுல எல்லாம் அவ கணக்குல இருக்கு. அதனால அவ மாதிரியே எண்ணிப் பழகிட்டேன். மாத்தினா பன்னிரண்டு வருஷமும் வீணாப் போயிடும்."

இவ்வளவு நீளமாக அவன் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மறுபடி எறிந்தான்.

துறைக்கென்று சில தனி வித்தைகள் உண்டு. படகில் இருப்பவனுக்கும் மணலில் நிற்பவனுக்கும் இவை வேண்டாம். துறை தண்ணீருக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. ஈயம் கிட்டே வர வர நூல் அதை மேல்நோக்கித் தூக்கும். மீன் பின்னால் துரத்திக்கொண்டு வரும்போது இரை திடீரென்று ஆகாசத்துக்கு எழும்பினால் அதற்குச் சந்தேகம் தட்டிவிடும். ஆகையால் கடைசித் தூரத்தில் கோலின் நுனியைத் தண்ணீரைப் பார்க்கக் கவிழ்த்து, மெல்லச் சுற்ற வேண்டும். காலடிக்கு வந்துவிட்டதே என்று அவசரமாகத் தூக்கக் கூடாது. துரத்தி வந்த மீன் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானம் பண்ணும்.

எல்லாரும் எட்ட எறிய ஆசைப்படுகிறார்கள். ஆனால் பெரிய மீன்களில் பாதி காலுக்குக் கீழேயே நிற்கிறது. துறையின் தூண்களைச் சுற்றிப் பொடி மீன் ஒதுங்கும். அந்த நிழலில் அதைத் தின்கிறதும் ஒதுங்கும். ஆள் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத் தம்பி துறைக்கு இணையாகவே எறிவான். அப்படி எறிந்தால் ஈயம் வருகிற வழி முழுக்க மீன் இருக்கிற வழி. தூண்களில் கத்தியாக ஒட்டிக் கிடக்கும் சிப்பிகள் நூலை அறுக்கும் அபாயமும் முழு வழிக்கும் உண்டு. இரவில் விளக்கு வெளிச்சம் தண்ணீரில் வட்டமாக விழுகிறது அல்லவா? பொடி மீன் வெளிச்சத்துக்குள் கூடும். திருடன் இருட்டில்தான் நிற்பான். ஆகவே இருட்டில் எறிந்து, ஈயத்தை வெளிச்சத்தின் ஓரம் வரை கொண்டு வந்து, அந்தக் கோட்டில் ஒரு கணம் நிறுத்த வேண்டும். நீரோட்டத்தை எங்கள் ஊர்க் கடலோடிகள் நீவாடு என்பார்கள். நீவாடு வரும் திசையில் எறிந்து, அதன் போக்கிலேயே ஈயத்தை அடித்து வர விட வேண்டும். சீக்கு மீன் எதிர்நீச்சல் போடாது.

இழுக்கும்போது இரண்டு சுற்று, ஒரு வெட்டு, பிறகு நிறுத்தம். நிறுத்தியவுடன் ஈயம் பக்கவாட்டில் சரிந்து பளிச்சென்று விழும். மீன் தொடுவது ஏறக்குறைய எப்போதும் அந்த விழுச்சியில்தான். நாவலிலும் நாடகத்திலும் கூட ஜனங்கள் அழுவது வசனத்தில் அல்ல, வசனம் நின்ற இடத்தில் என்பது என் அனுபவம்.

பத்தாம் நாள் விடியற்காலையில் என் கோலில் ஒன்று மாட்டியது. 7 எண்ணி இழுத்த எறிவு. இரண்டாவது நிறுத்தத்தில், யாரோ கதவைத் தட்டியதைப் போல ஒரு தட்டு. அடுத்த கணம் ரீல் கத்த ஆரம்பித்தது. "பிடிக்காதீங்க, ஓட விடுங்க" என்றான் தம்பி. ரீலின் தலையில் உள்ள திருகை, நூல் தாங்கும் பலத்தில் நாலில் ஒரு பங்குக்கு அவன் முன்பே தளர்த்தி வைத்திருந்தான்; மீன் அதற்கு மேல் இழுத்தால் நூல் வழுக்கிப் போகும், அறாது. அது ஓடும்போது நான் சும்மா இருந்தேன். அது நின்றபோது நான் சுற்றினேன். நான் எதிர்பார்க்காத விஷயம் பக்கத்தில் நடந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு பக்கமும் நின்ற ஏழெட்டுப் பேர் தங்கள் நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். குறுக்கே நூல் இருந்தால் சிக்கிக்கொள்ளும் என்பதற்காக. மீன் இடப்பக்கம் ஓட, நான் பின்னாலே நடக்க, முன்பின் தெரியாத மனிதர்கள் கோலைத் தூக்கி வழிவிட்டார்கள். கல்யாண ஊர்வலத்தில் கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

கீழே வந்துவிட்ட மீனை அந்த உயரத்துக்குக் கோலால் தூக்கக் கூடாது. நூலோ கோலோ முறியும், அல்லது மீனின் வாய் கிழியும். அதற்கென்று கயிற்றில் கட்டிய வளைய வலை ஒன்று உண்டு. மலாய்க்காரப் பெரியவர் தம்முடைய வலையை இறக்கி, தண்ணீருக்குள் காத்திருந்து, நான் மீனை அதன் மேலே கொண்டு வந்தவுடன் தூக்கினார். முழங்கை நீளத்தைவிடச் சற்று அதிகம், வெள்ளித் தகடு மாதிரி. மலாய்க்காரர்கள் தாலாங் என்கிறார்கள். நம் பக்கத்தில் தோல்பாறை. வாயோரத்தில் ஈயக் கட்டி தொங்கியது. இரண்டும் ஒரே வர்ணம்தான். மற்றபடி ஓர் ஒற்றுமையும் இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இதையா அது என்று நம்பிற்று என்று வெட்கமாக இருந்தது, மீனுக்காக.

தம்பி ஒரே திருப்பில் முள்ளை எடுத்தான். முள்ளின் நுனியில் பின்னோக்கி இருக்கும் சிறு கொக்கியை அவன் இடுக்கியால் நசுக்கியே வைத்திருப்பான். அதனால் வாய் கிழியாமல் வரும். மீனை அந்த உயரத்திலிருந்து வீசாமல், வலையிலேயே வைத்துத் தண்ணீர் வரை இறக்கிக் கவிழ்த்தான். ஒரு வினாடி அசையாமல் கிடந்தது. பிறகு இல்லை.

"சாப்பிடலாமே, ஏன் விட்டாய்?" என்று கேட்டேன்.

"யாரு சமைக்கிறது?" என்றான். சொல்லிவிட்டு நோட்டை எடுத்து 7 என்று எழுதினான்.

சாப்பிடப் போவதில்லை என்றால் எதற்காக ஒரு ஜீவனை ஏமாற்றித் துன்புறுத்த வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தின்பதற்குக் கொல்வது நியாயம், விளையாட்டுக்கு வதைப்பது அநியாயம் என்ற வாதம் பலமானது. இந்தக் கட்டுரையில் அதை நான் தோற்கடிக்கப் போவதும் இல்லை. நான் கண்டதைத்தான் சொல்ல முடியும். ஒரு விடியற்காலைக்கு அவன் இருநூறு தடவையாவது எறிந்தான். மீன் வந்தது ஒன்றோ இரண்டோ. வராத நாளும் உண்டு. எண்ணியதோ இருநூறு தடவையும்.

திரும்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, வந்த காரியத்தைக் கேட்டேன். "என்னோடு ஊருக்கு வந்து ஆறு மாசம் இரேன்."

அவன் கோலைச் சாய்த்து வைத்துவிட்டு யோசித்தான். "போன வருஷம் கூப்பிட்டிருந்தீங்கன்னா வந்திருப்பேன் அண்ணே. அப்ப இங்க நிக்கவே பயமா இருந்துச்சு" என்றான். எதைப் பற்றிய பயம் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "இப்ப வேண்டாம். வற்றம் முடியப் போகுது. எறியுங்க."

வீட்டுக்கு வந்து அவன் மகளிடம் சொன்னேன்: "உன் அப்பனை நான் கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை. அந்தத் துறையில் அவனைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஒரு நாள் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். இந்தக் கட்டடத்தில் அப்படி எத்தனை பேர்?"

அவளுக்கு அது சமாதானமாக இல்லை. "அப்ப நான் என்ன பண்றது பெரியப்பா?" என்றாள்.

மடக்கு நாற்காலி வாசல் அறையில் ஷூ அலமாரிக்குப் பின்னால் இருப்பதாக மட்டும் சொன்னேன்.

ஊர் திரும்பி ஒன்றரை மாதம் கழித்து அவளே பேசினாள். சனிக்கிழமைகளில் அப்பாவோடு போகிறாளாம். குரலில் கோபம்.

"எனக்கும் அவங்களுக்கும் தினம் சண்டை பெரியப்பா. ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒத்துக்க மாட்டேங்குறாங்க. சரின்னு லாபம்னு ஆரம்பிச்சேன். அப்பவும் திட்டு. ரொம்ப அவசரமா எண்ணுறேனாம். நான் பன்னிரண்டு சொல்லி முடிச்சும் தரை வரலையாம்."

"சரி, மெதுவாக எண்ணேன்."

"எண்ணினேன். வரலை. அப்பாவே விட்டுட்டாங்க."

"விட்டுவிட்டு என்ன செய்தான்?"

"40 கிராமைக் கழட்டிட்டு 60 கிராம் மாட்டிக்கிட்டாங்க. இப்ப பன்னிரண்டுக்குச் சரியாத் தரை தொடுது."